நானூறு கேமராவும் ஒரு மூஞ்சியும்

அடையாள அட்டை அலுவலகத்துக்கு எதிரே, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இருபத்திரண்டு வருடமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தவருக்குத் தெருவில் பெயர் காதுக்காரர். ஸ்டூலில் வந்து உட்காருகிறவர் யாராக இருந்தாலும், "ரெண்டு காதும் தெரியணும்" என்று முடியை ஒதுக்கச் சொல்லுவார். அதனால் வந்த பெயர். நீதிபதிக்கும் அதே பேச்சு, போலீஸ் தேடுகிற ஆளுக்கும் அதே பேச்சு. இரண்டு பேருமே அவர் கடைக்கு வந்திருக்கிறார்கள். ஆணியில் தொங்கும் ஒரே கறுப்புக் கோட்டைத்தான் மாட்டிக்கொண்டு படமெடுத்துப் போனார்கள்.

கடையில் ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்கு, கண்ணாடி, கண்ணாடியோடு கயிற்றில் கட்டிய சீப்பு. இவ்வளவுதான் சொத்து. அவர் எடுப்பார், மனைவி எட்டு எட்டாக வெட்டி உறையில் போட்டுக் கொடுப்பாள். ஒரு ஆளுக்கு ஏழு நிமிடம். பிள்ளை பெரிதானது, கூரை ஓட்டை அடைபட்டது எல்லாம் அந்த ஏழு நிமிடங்களில்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், ஒரு திங்கட்கிழமை அலுவலகச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, ஒளிப்படக் கலைஞர் பேரவையின் முத்திரை பெற்றவர்கள் எடுத்த படங்கள் மட்டுமே ஏற்கப்படும். முத்திரை வேண்டுவோர் பேரவையின் ஆண்டு மாநாட்டுக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மாநாடு வருகிற சனி, ஞாயிறு. அதை விட்டால் அடுத்த வருடம்.

மனைவி அறிவிப்பை இரண்டு தடவை படித்தாள்.

"ஒரு வருஷம் கடையை மூடிட்டு என்ன பண்றதாம்? அந்தக் கோட்டை ஆளுக்கு ஒரு நாள் மாட்டிக்கிட்டு தெருவைச் சுத்தி வரலாமா?"

"அதுக்குத்தான் மாநாட்டுக்குப் போறேன்னு சொல்றேன்ல."

"போய் நல்லபடியா முத்திரையோட வாங்க. அங்க போயும் யார் காதையாவது பாத்துக்கிட்டு நிக்காதீங்க."

மாநாடு ஒரு பெரிய ஓட்டலின் இரண்டாம் மாடியில் நடந்தது. படிக்கட்டில்கூடக் கம்பளம் விரித்திருந்தார்கள். வாசலில் பதிவு மேசை. மேசைக்குப் பின்னால் பேரவையின் எழுத்தர். சட்டைப் பையில் மூன்று பேனா, ஒரு பக்கம் அட்டை அச்சடிக்கிற சின்ன பிரின்டர், இன்னொரு பக்கம் முத்திரைக் கட்டை, கைக்கு எட்டும் தூரத்தில் விதிப்புத்தகம். மனுஷர் பேரவையில் பத்தொன்பது வருடமாகச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். சிரிப்பதற்குச் சம்பளம் பேசவில்லை போலிருக்கிறது.

"விண்ணப்பம் சரியா இருக்கு. படம் எங்க?"

காதுக்காரர் நீட்டினார். முந்தின நாள் சாயங்காலம்தான் அதை எடுத்திருந்தார். கேமராவில் டைமரைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஸ்டூலில் உட்கார்ந்து, மூன்று முறை மூச்சிரைக்கும் முகம் விழுந்து, நாலாவது முறை தேறியது. வேறு படமே அவரிடம் கிடையாது. சொந்தக் கல்யாணத்தில், வந்திருந்த படக்காரர் வெளிச்சத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று இவரே எழுந்துபோய்க் கேமராவை வாங்கிக்கொண்டார். ஆல்பத்தில் அன்றைக்கு மணப்பெண் மட்டும்தான் கல்யாணம் செய்துகொண்டிருப்பாள்.

எழுத்தர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். "பின்னால உங்க கடை முத்திரை இருக்கு. யாரு எடுத்தது?"

"நான்தான் சார்."

"விதி பதினாலு." புத்தகத்தைத் திறக்காமலே சொன்னார். "விண்ணப்பதாரரின் படத்தைப் பேரவை உறுப்பினர் ஒருவர் எடுத்து, பின்புறம் கையெழுத்திட்டு, உறுப்பினர் எண்ணைக் குறிப்பிட வேண்டும். நேர்ப் பார்வை. வெறும் பின்னணி. இரு காதுகளும் தெரிய வேண்டும்."

"காதுன்னே போட்டிருக்கா சார்?"

"போட்டிருக்கு."

காதுக்காரருக்கு அந்த மனுஷர் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. ஆனால் பாசத்தால் வேலை நடக்கவில்லை.

"தன்னைத் தானே எடுத்துக்கிட்டா அது தொழில் இல்ல சார், பொழுதுபோக்கு," என்றார் எழுத்தர். "உள்ள நானூறு பேர் இருக்காங்க. அத்தனை பேர் கழுத்துலயும் கேமரா தொங்குது. ஒருத்தரைப் பிடிச்சு ஒரு கிளிக் அடிச்சு எடுத்துட்டு வாங்க, நானே இங்க அச்சுப் போட்டுத் தர்றேன். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சரைக்கு மேசையை மூடிடுவேன். அதுக்கப்புறம் யார் வந்தாலும் அடுத்த வருஷம்தான்."

காதுக்காரர் வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டார். "ஒரு படம் எடுக்கணுமாம். ரெண்டு நிமிஷ வேலை. மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்."

உள்ளே திறப்பு விழா நடந்துகொண்டிருந்தது. பேரவைத் தலைவர் ரிப்பன் வெட்ட வேண்டும். வெட்டினார். "வெளிச்சம் சரியில்ல, இன்னொரு தடவை" என்றது ஒரு குரல். புது ரிப்பன் கட்டினார்கள், வெட்டினார். "கத்தரிக்கோல் கொஞ்சம் சாயணும்." மறுபடி கட்டினார்கள். "தலைவரே, வெட்டுங்க, ஆனா முழுசா வெட்டாதீங்க, பாதியில நிறுத்திக் கேமராவைப் பாருங்க." அரை மணி நேரத்தில் ரிப்பன் சுருள் தீர்ந்துபோனது. வெட்டிய துண்டுகளை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டினார்கள். முடிச்சு தெரிகிறது என்று ஒரு பிரிவினர் வெளிநடப்புச் செய்தார்கள். இத்தனைக்கும் நடுவில், திறந்துவைக்கப்பட வேண்டிய கண்காட்சிக்குள் எல்லோரும் பக்கத்துக் கதவு வழியாகப் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு தலைவர் பேசினார்.

"நண்பர்களே! படம் எடுப்பது யாராலும் முடியும். இன்று சமையல்காரர் எடுக்கிறார், சவரத் தொழிலாளி எடுக்கிறார். எடுக்காமல் இருப்பது எத்தனை பேரால் முடியும்? நான் கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு படம்கூட எடுக்கவில்லை!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

"எடுக்க வேண்டும் என்று விரல் துடிக்கும். அடக்கிக்கொள்வேன். அந்த அடக்கம்தான் என்னைத் தொடர்ந்து நான்கு முறை இந்தப் பதவியில் அமர்த்தியிருக்கிறது. இளையவர்கள் கேட்கிறார்கள், பேரவை எங்களுக்கு என்ன செய்தது என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். பேரவை எதையாவது செய்திருந்தால், இன்று இத்தனை பேர் இங்கே ஒற்றுமையாக உட்கார்ந்திருப்பீர்களா?"

காதுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் தட்டினார்கள், அவரும் தட்டினார்.

தேநீர் இடைவேளையில் வேட்டையைத் தொடங்கினார். கூடம் முழுக்கப் பிரிவு பிரிவாக மேசை போட்டிருந்தார்கள். முதல் மேசை இயற்கைப் பிரிவு.

"மனுஷனையா?" என்று இயற்கைக்காரர் முகத்தைச் சுளித்தார். "நாங்க ஃப்ரேம்ல ஒரு மனுஷன் வந்துட்டா அவன் போறவரைக்கும் ரெண்டு நாள் காத்திருக்கிறவங்க."

"ஒரே ஒரு படம்தான் சார். அட்டைக்கு."

இயற்கைக்காரர் இரக்கப்பட்டார். ஓட்டலின் புல்வெளிக்கு அழைத்துப்போய், "நடங்க" என்றார். நடந்தார். "இன்னும் நடங்க." மதில் சுவர் வரை நடந்தார். வந்த படத்தில் வானம் அற்புதமாக இருந்தது, மேகம் திட்டுத் திட்டாகக் கவிழ்ந்திருந்தது. கீழே ஓரத்தில் ஒரு புள்ளி.

"அதுதான் நீங்க," என்றார் இயற்கைக்காரர். "உங்களாலதான் அந்த வானத்தோட பிரம்மாண்டம் தெரியுது."

எழுத்தர் அந்தப் படத்தை அச்சுப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பதிவேட்டில் எழுதினார்: 'நிராகரிக்கப்பட்டது. காதுகள் இருக்கலாம். உறுதி செய்ய இயலவில்லை.'

அடுத்தது காட்டுயிர்ப் பிரிவு. காட்டுயிர்க்காரர் இலைச் சட்டை போட்டுக்கொண்டு, முழங்கை நீள லென்ஸோடு ஓட்டலின் பூந்தொட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்தார். காதுக்காரர் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கெடுத்துட்டீங்களே! நேரா வந்து பேசிட்டீங்க. இப்ப நான் இருக்கேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. பழையபடி இயல்புக்கு வர மூணு நாளாவது ஆகும்."

"நான் இயல்பாத்தான் சார் இருக்கேன்."

"அது உங்க நினைப்பு. போங்க. என்னை மறந்துட்டு உங்க பாட்டுக்குத் திரியுங்க. நான் பின்னாலேயே வர்றேன்."

காதுக்காரர் திரிந்தார். எங்கே திரும்பினாலும் ஒரு தொட்டிச் செடி இரண்டடி நகர்ந்து வந்தது. கழிவறைக்குப் போனபோதும் வந்தது. காட்டுயிர்க்காரரை மறப்பதற்குக் காதுக்காரர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மத்தியானம் படம் தயாரானது. காதுக்காரர் குனிந்து தேநீர் குடிக்கிறார், பக்கவாட்டில், பாதிக் கண் மூடியிருக்கிறது. தலைப்பு: 'நீர்நிலையருகே, முழு வளர்ச்சியடைந்த ஆண்.'

"ஒரு காதுதான் தெரியுது," என்றார் எழுத்தர்.

கல்யாணப் பிரிவில் நல்ல வரவேற்பு. உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுத்தார்கள்.

"ஜோடி எங்க சார்?"

"ஜோடி கடையைப் பாத்துக்கிட்டிருக்கா."

"தனி ஆளை நாங்க எடுக்கிறதில்லையே. எங்க பிரிவுல தனியா நின்னா அதுக்கு வேற அர்த்தம்."

ஆனாலும் விட மனசில்லை அவர்களுக்கு. ஆளில்லாத பக்கத்தில் பிறகு கம்ப்யூட்டரில் யாரையாவது சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, அவரை நடு ஹாலில் நிறுத்தி, மூன்று பேர் மூன்று பக்கமிருந்து புகை விட்டார்கள். வானத்தைப் பார்க்கச் சொன்னார்கள். எதையோ நினைத்து வெட்கப்படச் சொன்னார்கள். ஐம்பத்தொரு வயதில் எதை நினைத்து வெட்கப்படுவது என்று அவர் யோசிப்பதற்குள் புகை கனத்துவிட்டது. படத்தில் புகை இருந்தது. புகையிலிருந்து நீட்டிய ஒரு கை, விரல்களை வளைத்துப் பாதி இதய வடிவம் காட்டிக்கொண்டிருந்தது.

செய்திப் பிரிவுக்காரர் கேமராவைத் தூக்கவே இல்லை. "என்ன சம்பவம்?" என்று கேட்டார்.

"சம்பவம் ஒண்ணுமில்ல சார், சும்மா முகத்தை…"

"சம்பவம் இல்லாம எப்படிங்க? எதுலயாவது மோதிக்கிட்டா சொல்லி அனுப்புங்க."

'என்ன மனுஷங்க இவங்க' என்று நொந்துகொண்டே திரும்பிய காதுக்காரர், துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த கண்ணாடிக் கதவில் நேராக மோதினார். அடுத்த நொடியே பதினோரு கிளிக். செய்திப் பிரிவு தன் கடமையைச் செய்துவிட்டது. இந்த முறை நேர்ப் பார்வைதான், இரண்டு காதும் தெரிந்தன, பின்னணிகூட வெறுமையாக இருந்தது. எழுத்தர் வெகுநேரம் பார்த்தார். மனசுக்குள் அவருக்கும் ஏற்றுக்கொள்ள ஆசை இருந்திருக்க வேண்டும்.

"கண்ணாடியில நசுங்கி மூக்கு சப்பையா இருக்கு. இதை வச்சு முத்திரை குடுத்தா, நாளைக்கு நீங்க நேர்ல வரும்போது இது நீங்க இல்லன்னு நானே சொல்லவேண்டி வரும்."

சாயங்காலம் மூக்கில் பிளாஸ்திரியோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து மனைவி பதறிப்போனாள். கதையைக் கேட்டதும் பதற்றம் கோபமாக மாறியது.

"நானூறு பேரு கேமராவோட இருக்காங்க. ஒருத்தருக்குமா ஒரு மூஞ்சி எடுக்கத் தெரியல? நாளைக்கு நான் வர்றேன். என் கையால எடுத்து அவங்க மேசையில அடிக்கிறேன்."

"நீ மெம்பர் இல்லையே."

"அந்த நானூறு பேரும் மெம்பராத்தானே இருக்கானுங்க?"

காதுக்காரர் பிளாஸ்திரியை அழுத்திவிட்டுக்கொண்டார். மூக்கு வலித்தது.

மறுநாள் காலை பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்துவிட்டு நேராகத் தலைவரிடமே போனார். தலைவர் தன் அறையில், தன்னைப் பற்றிய மலருக்கு அட்டைப் படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாதிரிப் படம் வேணும்?" என்று கேட்டார்.

"பாஸ்போர்ட் சைஸ் ஐயா."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாருங்க, என் பன்னிரண்டு வருஷ மௌனத்தைக் கலைக்கணும்னா, அதுக்கு ஒரு காரணம் வேணும். ஒரு எரிமலை, ஒரு கிரகணம். பாஸ்போர்ட் படம்கிறது கலையா? ஸ்டூல்ல உட்காரவச்சு அமுக்கறது. மெஷின் செய்ற வேலை. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

காதுக்காரர் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். சுருக்கென்று தைத்தது. ஒரு முறை, பிறந்து நாற்பதே நாளான குழந்தையைப் படமெடுத்திருந்தார். கழுத்து நிற்காத பிள்ளை. தாயை வெள்ளைத் துணியால் மூடி உட்காரவைத்து, அவள் கை தெரியாமல் பிள்ளையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, அது கண் திறக்கும்வரை முக்கால் மணி நேரம் விசிலடித்துக்கொண்டிருந்தார். கணவனைப் பறிகொடுத்த மறுவாரம் பென்ஷன் அட்டைக்கு வந்த அம்மாளுக்கு, அழுகை நிற்கும்வரை விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றார். இதையெல்லாம் எந்த மெஷின் செய்யும்? கேட்க நினைத்தார், கேட்கவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மிச்சம் இருந்தது கலைப் பிரிவு. அதற்கு நிழலார் என்று ஒருவர் தலைமை. கழுத்தில் சால்வை, பேச்சில் நிறைய இடைவெளி. 'முகம் ஒரு தடங்கல்' என்ற தலைப்பில் அன்று காலை இரண்டு மணி நேரம் பேசியிருந்தார்.

"முகத்தைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. தெரிந்துவிட்டால்… பார்க்க என்ன இருக்கிறது?" என்று அவர் கேட்டபோது முன்வரிசையில் ஒருவர் கண் கலங்கினார்.

அவரைப் போய்க் கேட்பது வீண் வேலை என்று காதுக்காரருக்கும் தெரியும். ஆனால் மணி ஒன்றாகிவிட்டது. கேட்டார். நிழலார் மறுக்காமல் எழுந்து வந்தார். கம்பளப் படிக்கட்டில் காதுக்காரரை உட்காரவைத்து, விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, "அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார்.

"சார், முகம் இந்தப் பக்கம் இருக்கு."

"உங்க துக்கத்தை முதுகால சொல்லுங்க."

காதுக்காரருக்கு நடிக்கவே தேவைப்படவில்லை.

நாலு மணிக்குப் பரிசளிப்பு விழா. முத்திரை மேசை மூட ஒன்றரை மணி நேரம்தான். போய்விடலாமா என்று காதுக்காரர் எழுந்தபோது, மேடையின் பெரிய வெள்ளைத் திரையில் ஒரு முதுகு வந்து விழுந்தது. சட்டை அவருடையது. காலருக்குக் கீழே மனைவி தைத்த தையல்கூடத் தெரிந்தது.

"இந்த ஆண்டின் தங்கப் பதக்கம்! மனித உருவப் படத்துக்கான போட்டியில்… 'காத்திருப்பு'!" என்று அறிவித்தார்கள். நிழலார் மேடையேறிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு, நீண்ட இடைவெளி விட்டு, "முதுகுக்கு நன்றி" என்றார்.

யாரோ சட்டையை அடையாளம் கண்டுவிட்டார்கள். "அந்த முதுகு இங்கதான் இருக்கு!" என்று ஒரு கூச்சல். நாலு பேர் அவரைத் தள்ளிக்கொண்டுபோய் மேடையில் விட்டார்கள். தலைவருக்குக் காலையில் பார்த்த ஞாபகமே இல்லை. தோளில் கை போட்டு, "வாங்க, வாங்க, பேரவையோட பெருமை நீங்க" என்றார். கீழே நானூறு பேர் நானூறு கேமராவைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

அந்த நொடியில் காதுக்காரருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. பின்னால் வெள்ளைத் திரை. முதுகுப் படத்தை எடுத்துவிட்டார்கள், இப்போது வெறும் வெள்ளை. மேலே இரண்டு பக்கமும் விளக்கு, தன் கடையில் உள்ளதைவிட நல்ல வெளிச்சம். எதிரே கையெழுத்துப் போடத் தகுதியுள்ள நானூறு பேர். தலைவரின் கையை மெல்ல விலக்கிவிட்டு, திரைக்கு முன்னால் ஓரடி தள்ளி நின்றார். முதுகை நிமிர்த்தினார். முடியை ஒதுக்கினார். முகவாயை ஒரு விரற்கடை இறக்கினார். வாயை மூடி, கண்ணைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் இப்படிப் பாங்காக முகம் காட்டுகிற ஒரு வாடிக்கையாளர் அவருக்கே கிடைத்ததில்லை.

ஒரு கிளிக்கும் கேட்கவில்லை.

நானூறு பேரும் கேமராவைக் கீழே இறக்கினார்கள்.

"ஐயா, திரும்புங்க, திரும்புங்க!" என்று முன்வரிசையிலிருந்து கத்தினார்கள். "முகம் மறைக்குது!"

தலைவரே வந்து இரண்டு தோளையும் பிடித்து அவரைத் திருப்பி நிறுத்தினார். முதுகு மேல் நானூறு ஃபிளாஷும் மின்னின. திரையை ஒட்டி மூக்கு வைத்து நின்றுகொண்டிருந்த காதுக்காரருக்கு, தன் நிழல் நானூறு தடவை வந்து வந்து போவது மட்டும் தெரிந்தது. ஆத்திரமாக வந்தது. அழுகை வந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. முதுகு குலுங்கினால் அதற்கும் ஒரு பதக்கம் கொடுத்துவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டார்.

வெளியே வந்தபோது ஐந்தேகால். எழுத்தர் பேனாக்களை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். காதுக்காரர் எதிரே இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கிடைக்கல சார். மூடிக்குங்க."

"கடை என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? அவ ஏதாவது தையல் வேலைக்குப் போவா. நான் இந்த வயசுல என்ன கத்துக்கப் போறேன்?"

எழுத்தர் முத்திரைக் கட்டையைத் துடைத்து வைத்தார். தன் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் போடப் போனார். காதுக்காரருக்குப் படங்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம், அட்டை என்றால் கண் தானாகப் போகும். படத்தில் எழுத்தர் பத்தொன்பது வருஷம் இளையவர். கீழே 'ஆயுள் உறுப்பினர், எண் 31' என்று போட்டிருந்தது.

"சார், நீங்க மெம்பரா?"

"அதுவா? வேலையில சேர்ந்த அன்னிக்கே போட்டுக் குடுத்துட்டாங்க. பொதுக்குழுவுக்கு ஆள் குறைஞ்சா என்னையும் எண்ணிக்குவாங்க."

"அப்ப நீங்க என்னை எடுக்கலாமே!"

எழுத்தரின் கை பாதியில் நின்றது. "நான் வாழ்க்கையில கேமராவைத் தொட்டதில்லைங்க."

"விதியில என்ன இருக்கு?"

பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அவர் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். விதி பதினாலை விரல் வைத்துப் படித்தார். உறுப்பினர் தகுதி பற்றிய விதி மூன்றைப் படித்தார். பின்னிணைப்பையும் விடவில்லை.

"மெம்பர் எடுக்கணும்னுதான் இருக்கு," என்றார் மெதுவாக. "எடுக்கத் தெரிஞ்சிருக்கணும்னு எங்கயும் இல்ல."

மணி ஐந்து இருபது. வரவேற்பு பேனரைக் கழற்றி வெள்ளைப் பின்பக்கம் தெரிய மாட்டினார்கள். காதுக்காரர் தன் கேமராவைச் சரிசெய்து எழுத்தர் கையில் கொடுத்தார். மனுஷர் அதைப் பச்சைக் குழந்தையைப்போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"இந்தப் பொத்தானை மெதுவா அமுக்குங்க. மூச்சை விட்டுட்டு அமுக்குங்க. பயப்படாதீங்க, நான் எங்கயும் போயிடமாட்டேன்."

முதல் படத்தில் தலை இல்லை. இரண்டாவதில் எழுத்தரின் கட்டைவிரல் முழுசாக வந்தது. மூன்றாவது அருமையாக வந்தது. பிரின்டரில் போட்டு எடுத்ததும் எழுத்தர் ஓடிப்போய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, தான் எடுத்த படத்தைத் தானே உற்றுப் பார்த்தார்.

"நிராகரிக்கணும்."

"ஏன் சார்?"

"சிரிச்சுட்டீங்க."

காதுக்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். உண்மைதான். விரலைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு உதட்டோரத்தில் மிச்சம் இருந்தது. அவராக இருந்தாலும் நிராகரித்திருப்பார்.

நாலாவது படத்தை ஐந்து இருபத்தெட்டுக்கு எடுத்தார்கள். எழுத்தர் பார்த்தார். நேர்ப் பார்வை, வெறும் பின்னணி, காது இரண்டு. திருப்பிப் பின்புறம் பெயரெழுதி, எண் 31 என்று போட்டு, மூன்று பேனாவில் நல்ல பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். கையெழுத்தைக் கொஞ்ச நேரம் ரசித்தார். பிறகு விண்ணப்பத்தில் படத்தை ஒட்டி, அதன்மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினார். சத்தம் கூடம்வரை கேட்டிருக்கும், ஆனால் அங்கே தலைவர் நிறைவுரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு காப்பி நான் வச்சுக்கட்டுமா?" என்று எழுத்தர் கூச்சத்தோடு கேட்டார். "நான் எடுத்தது இல்லையா."

"எட்டு காப்பியா போடுங்க சார்."

போன் அடித்தது. மனைவி. குரலில் சண்டைக்குத் தயாரான அவசரம்.

"என்ன ஆச்சு? நான் கிளம்பி வரட்டுமா?"

"வேண்டாம். முத்திரை போட்டாச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "படம் எப்படி வந்திருக்கு?" என்று கேட்டாள்.

காதுக்காரர் ஒரு காப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே தளர்ந்த சதை, இன்னும் சிவப்பு மாறாத மூக்கு, காதோரத்தில் நரை, விடைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு காது.

"என்னை மாதிரியே இருக்கு," என்றார்.